கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம்... கல்லூரி விதிப் புத்தகத்தைப் படித்தீர்களா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் வீடே கலகலப்பாகிவிடும். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியிலும் அப்படித்தான். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ஒரு கும்பிடு. பிறகு சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். சிலருக்கு அரியலூர் அரசு கலைக் கல்லூரி, சிலருக்குப் பெரம்பலூர், சிலருக்குத் திருச்சி, இன்னும் சிலருக்குச் சிதம்பரம். மகனோ மகளோதான் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் என்ற வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார்கள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டும் இடத்திலெல்லாம் அப்பாவும் கையெழுத்துப் போடுவார், பிள்ளையும் போடுவான். அந்தக் காகிதங்களில் ஒன்று, 'கல்லூரியின் நடத்தை விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன். மீறினால் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்' என்ற உறுதிமொழி. இன்னொன்று, ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் தனித்தனியே தரும் பிரமாணப் பத்திரம்.

படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போடுபவர்களில் எத்தனை பேர் உண்மையில் படித்திருப்பார்கள்?

'நல்ல பிள்ளைக்கு எதற்கு விதிப் புத்தகம்?' என்று தோன்றலாம். ஆனால், அந்தப் புத்தகம் மாணவரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. கல்லூரி முதல்வர், வார்டன், துணைவேந்தர் ஆகியோரையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அந்த இரண்டாவது பாதி தெரியாமல் போவதால்தான், பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கிறது.

செப்பேட்டில் பொறித்த ஹாஸ்டல் விதிகள்

மாணவர்களுக்கு விதி எழுதுவது வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9-ம் நூற்றாண்டில் ஒரு பெருமாள் கோயிலை எழுப்பி, அதோடு 'சாலை' ஒன்றையும் நிறுவினான். சாலை என்றால் இங்கே ரோடு இல்லை. தங்கிப் படிக்கும் கல்விக்கூடம். அதில் 95 மாணவர்களுக்கு இடம். அவர்களைச் 'சட்டர்' என்று குறிப்பிடுகிறது கி.பி. 866-ஐச் சேர்ந்த செப்பேடு.

அந்தச் செப்பேட்டில் நடத்தை விதிகளும் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசினால் பொன் அபராதம். ஆயுதத்தால் தாக்கினால் அதைவிடப் பெரிய அபராதம். கூட்டம் நடக்கும் இடத்துக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது. சூதாடக் கூடாது. தங்கும் மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்றைய சாலை, வேதம் படித்த ஒரு பிரிவினருக்கு மட்டுமே திறந்திருந்தது. இன்று எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் வசவு, அடிதடி, ஆயுதம், சூது என்று அன்று எழுதிவைத்த கவலைகள் எல்லாம் இன்றைய ஹாஸ்டல் விதிகளிலும் அப்படியே இருக்கின்றன. செப்பேட்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். நிர்வாகம் நினைத்தபோது நினைத்த தண்டனையைத் தர முடியாது.

ஒரு மரணம் கொண்டுவந்த சட்டம்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோவில் தாண்டினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் 1996-ல் முதலாமாண்டு சேர்ந்தவர் நாவரசு. அவருடைய அப்பா பொன்னுசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

1996 நவம்பர் 6-ம் தேதி நாவரசு காணாமல் போனார். அவர் கொடூரமாகக் கொல்லப்பட்டது அடுத்த சில நாட்களில் தெரியவந்தபோது தமிழ்நாடே உறைந்துபோனது. கைதானவர் அதே கல்லூரியின் சீனியர் மாணவர் ஜான் டேவிட். ராகிங்கில் தொடங்கிய பகை கொலையில் முடிந்தது என்பதுதான் வழக்கு. 1998-ல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மகனை இழந்த குடும்பம் இறுதித் தீர்ப்புக்காகக் காத்திருந்தது 14 ஆண்டுகளுக்கும் மேல்.

ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகனுக்கே இன்னொரு பல்கலைக்கழக வளாகத்தில் பாதுகாப்பு இல்லை என்றால், சாதாரண வீட்டுப் பிள்ளையின் கதி என்ன? அந்தக் கேள்விதான் அரசை உலுக்கியது. உடனடியாக அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது, 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமாக நிலைபெற்றது.

"சும்மா விளையாட்டுக்கு" என்று தப்பிக்க முடியாது

இந்தச் சட்டம் ராகிங்குக்குத் தரும் விளக்கத்தை ஒவ்வொரு சீனியரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அடிப்பது மட்டும் ராகிங் இல்லை. உடலுக்கோ மனதுக்கோ பாதிப்பு, பயம், வெட்கம், சங்கடம் உண்டாக்கும் எந்தச் செயலும் ராகிங்தான். கேலி செய்வது, திட்டுவது, ஒருவர் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். வளாகத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம்தான்.

தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. ஒரு சாயங்காலக் 'கலாட்டா' ஒருவரின் மொத்தப் படிப்பையும் முடித்துவிடலாம்.

புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், முகாந்திரம் இருந்தால் அந்த மாணவரைச் சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். கண்டுகொள்ளாமல் விட்டால், ராகிங்குக்கு அவரும் உடந்தையாக இருந்ததாகவே கருதப்படும்.

இமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரு 2009 மார்ச்சில் ராகிங்கால் உயிரிழந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., நாடு முழுமைக்குமான ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கல்லூரிச் சேர்க்கையின்போது நீங்கள் தரும் பிரமாணப் பத்திரம் இந்த விதிமுறைகளிலிருந்து வந்ததுதான். அதில் கல்லூரிக்கு இருக்கும் கடமைகளைப் பாருங்கள்.

* ராகிங் தடுப்புக் குழுவும், ஹாஸ்டல்களில் திடீர் சோதனை நடத்தும் ராகிங் தடுப்புப் படையும் இருக்க வேண்டும்.

* குற்றம் நடந்ததற்கான முகாந்திரம் இருந்தால், நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும்.

* வகுப்புக்கு வரத் தடை, உதவித்தொகை நிறுத்தம், தேர்வு எழுதத் தடை, ஹாஸ்டலிலிருந்து நீக்கம், ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை வெளியேற்றம், நிரந்தர நீக்கம் என்று தவறின் அளவுக்கேற்பத் தண்டனை தரலாம்.

* செய்தவர் யார் என்று அடையாளம் காண முடியாவிட்டால், கூட்டுத் தண்டனையும் உண்டு. எனவே, 'நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்' என்பது பாதுகாப்பு இல்லை.

2016-ல் இந்த விதிமுறைகளில் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. சாதி, மதம், நிறம், தோற்றம், பாலினம், பேசும் மொழி, பிறந்த ஊர், குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவற்றைக் காரணமாக வைத்துத் துன்புறுத்துவதும் ராகிங் என்று தெளிவாக்கினார்கள். 'பட்டிக்காட்டான்' என்று ஒரு மாணவரின் பேச்சையும் உடுப்பையும் கிண்டலடித்துக் கூனிக்குறுக வைப்பதும் விதிப்படி குற்றம்தான். கிராமத்திலிருந்து நகரத்து ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்

இனி மறுபக்கம். உங்கள் பிள்ளை மேலேயே குற்றச்சாட்டு வந்தால்?

தேர்வு அறையில் பிட் வைத்திருந்ததாகப் பிடிபடுவது, வருகைப் பதிவு குறைவது, வகுப்பில் மோதல், ஹாஸ்டலுக்குத் தாமதமாகத் திரும்புவது... கல்லூரிகளில் அடிக்கடி வரும் ஒழுங்குப் பிரச்னைகள் இவைதான். உடனே வரும் உத்தரவு, "அப்பாவைக் கூட்டிட்டு வா." அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார். என்ன குற்றச்சாட்டு என்றுகூடக் கேட்காமல் கும்பிடு போடுவார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதம் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற கடிதமாக இருந்தால், பிறகு யாராலும் உதவ முடியாது.

இந்த இடத்தில் உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உத்தரப்பிரதேசத்தில் 1954-ல் இன்டர்மீடியட் தேர்வில் தேறிய மூன்று மாணவர்கள் முறைகேடு செய்ததாகச் சொல்லி, தேர்வு வாரியம் அவர்களின் முடிவுகளை ரத்து செய்தது. அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதவும் தடை போட்டது. அவர்களிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு மாணவரின் எதிர்காலத்தையே மாற்றக்கூடிய தண்டனையை, அவர் தரப்பைக் கேட்காமல் தர முடியாது என்று 1962-ல் தீர்ப்பானது. தண்டனை செல்லாமல் போனது.

அதற்காகக் கல்லூரி விசாரணை, கோர்ட் விசாரணை போலவே நடக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில் 1972-ல் ஓர் இரவு சில மாணவர்கள் பெண்கள் ஹாஸ்டல் வளாகத்தில் புகுந்து அநாகரிகமாக நடந்துகொண்டதாக 36 மாணவிகள் புகார் செய்தார்கள். விசாரணைக் குழு மாணவிகளிடம் தனியாக வாக்குமூலம் வாங்கியது. பல புகைப்படங்களைக் கலந்து வைத்து அடையாளம் காட்டச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட மாணவர்களிடமும் விளக்கம் பெற்றது. ஆனால், புகார் செய்த மாணவிகள் யார் யார் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. 'எங்கள் முன்னால் அவர்களை விசாரிக்கவில்லை' என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1973-ல் அதை ஏற்கவில்லை. மாணவிகளின் பாதுகாப்புக்காகப் பெயர்களை மறைத்தது சரிதான் என்றது. அந்த மாணவர்களைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றிய உத்தரவு நிலைத்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். புகார் செய்தவருக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். நியாயமான விசாரணைக்கு இந்த இரண்டும் தேவை.

சஸ்பெண்ட் என்றதும் பிள்ளையின் படிப்பே போய்விட்டது என்று பல வீடுகளில் இடிந்துபோகிறார்கள். விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைக்கும் சஸ்பெண்ட், இறுதித் தண்டனை இல்லை. விசாரணை முடிந்த பிறகுதான் குற்றம் உண்டா, இல்லையா என்பதே முடிவாகும். எனவே அழுது புலம்புவதை விட்டுவிட்டு, அந்த நாட்களில் பிள்ளையின் விளக்கத்தை ஒழுங்காக எழுதித் தயாராவதே புத்திசாலித்தனம்.

விதியே நியாயமாக இல்லாவிட்டால்?

கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரி. அதன் பெண்கள் ஹாஸ்டலில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை செல்போன் பயன்படுத்தத் தடை இருந்தது. பிறகு அதை மாலை 6 முதல் இரவு 10 வரை என்று மாற்றினார்கள். பாடம் தேடிப் படிக்கும் நேரமே அதுதான் என்று எதிர்த்த ஒரு மாணவியை ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொன்ன நீதிமன்றம், மாணவியை மீண்டும் ஹாஸ்டலில் சேர்க்க உத்தரவிட்டது. மற்றவருக்கு இடைஞ்சல் இல்லாமல் போனைப் பயன்படுத்த வேண்டிய பொறுப்பு மாணவிகளுக்கு உண்டு என்பதையும் நீதிமன்றம் விட்டுவிடவில்லை.

பெண்கள் ஹாஸ்டலுக்கு ஒரு நேரம், ஆண்கள் ஹாஸ்டலுக்கு ஒரு நேரம் என்ற பழக்கம் நம் ஊரிலும் உண்டு. 'பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான்' என்பார்கள். ஆனால், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான ஹாஸ்டல் விதிகளைப் போடக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015-ம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன.

உடை விஷயத்திலும் விவாதம் ஓய்வதில்லை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட் போன்றவற்றுக்குத் தடை போட்டபோது தமிழ்நாடு முழுக்கப் பட்டிமன்றமே நடந்தது. வசதி வித்தியாசம் உடையில் தெரியாமல் இருப்பது நல்லதுதானே என்றார்கள் ஒரு பக்கம். வயது வந்தவர்கள் என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல நீங்கள் யார் என்றார்கள் மறுபக்கம். ஒரு விதி பிடிக்கவில்லை என்பது வேறு, அது நியாயமற்றது என்பது வேறு. முன்னதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பின்னது என்றால் எழுத்தில் முறையிட வழி இருக்கிறது.

எங்கே முறையிடுவது?

ராகிங் என்றால்: யு.ஜி.சி.யின் 24 மணி நேர இலவச உதவி எண் 1800-180-5522. கல்லூரி தண்டனை கொடுத்து, அதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டால் மேல்முறையீடு உண்டு. இணைப்புக் கல்லூரியின் உத்தரவு என்றால் துணைவேந்தரிடமும், பல்கலைக்கழகத்தின் உத்தரவு என்றால் வேந்தரிடமும் மேல்முறையீடு செய்யலாம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான் தாய் வீடு.

பாலியல் துன்புறுத்தல் என்றால்: ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் கூடுதல் அவகாசமும் உண்டு. புகார் செய்தவரின் அடையாளம் ரகசியமாக வைக்கப்பட வேண்டும். நேரடியாகப் போலீஸுக்குப் போகவும் தடையில்லை.

மற்ற குறைகள் என்றால்: யு.ஜி.சி.யின் 2023-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லாவிட்டால், பல்கலைக்கழக அளவில் இருக்கும் குறைதீர்ப்பாளரிடம் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'டி.சி. தர மாட்டோம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைத் தர மாட்டோம்' என்று கல்லூரி பிடித்து வைப்பதும் இந்தக் குழுவிடம் கொண்டுபோகக்கூடிய குறைதான்.

அப்பா, அம்மாவுக்கு ஆறு விஷயங்கள்

1. சேர்க்கை நாளன்றே விதிப் புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட பத்திரங்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். குறைந்தது செல்போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

2. விதிகள் ஆங்கிலத்தில் இருந்தால் பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கும் புரியும், அவருக்கும் மனதில் பதியும்.

3. வருகைப் பதிவு விதியை முதலில் பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவிகிதம் அவசியம். உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் மருத்துவச் சான்றிதழை அப்போதே கொடுத்து வைக்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் அலைவதில் பலன் இருக்காது.

4. ஒழுங்கு நடவடிக்கை என்று அழைத்தால், குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். விளக்கத்தையும் எழுத்திலேயே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

5. வெற்றுத்தாளிலோ, படித்துப் பார்க்காத கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையையும் போட விடாதீர்கள்.

6. பிள்ளை தவறே செய்திருந்தால், அதை மறைக்கத் துணை போகாதீர்கள். உண்மையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்கும் மாணவருக்குச் சிறிய தண்டனையோடு மறுவாய்ப்புத் தர எந்த நல்ல ஆசிரியரும் தயங்க மாட்டார்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹாஸ்டல் அறையில் ஜூனியர் ஒருவர் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், திடீரென்று யாரோடும் பேசாமல் போனால், ஊருக்குப் போகிறேன் என்று அடிக்கடி அழுதால், என்னவென்று கேளுங்கள். அந்த உதவி எண்ணைப் பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்று இல்லை. பார்த்தவரும் அழைக்கலாம்.

நாவரசு சேர்ந்த 1996-ல் பிரமாணப் பத்திரம் கிடையாது, உதவி எண் கிடையாது, ராகிங்குக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. இன்று எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பம் பட்ட துயரத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. இந்த ஆண்டு உங்கள் பிள்ளைக்காக அந்தக் காகிதக் கட்டு நீட்டப்படும்போது பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறோம் சார்" என்று சொல்ல எந்தப் பெற்றோரும் கூச்சப்பட வேண்டியதில்லை.